அடுத்த வீட்டு அறுகு

கடந்த ஓகஸ்ட் மாதம், இங்கே குளிர்காலம், ஒரு சனிக்கிழமை காலை எங்கள் முன்முற்றத்தில் நின்று வேலிக்கு மேலால் யோகநாதன் அண்ணரின் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. என்னுடையது நல்ல பச்சை. மனதுக்குப் பெரிய திருப்தி. அப்போதுதான் மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "இஞ்சருங்கோ, யோகண்ணை மோசம் போயிட்டாராம். ஆஸ்பத்திரியிலை இருந்து மகன் போன் எடுத்தவன்." அந்தத் திருப்தியோடு நின்ற இடத்திலேயே செய்தி என்னை வந்து சேர்ந்தது. அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுதினால் பொய்யாகிவிடும்.

இந்த மல்கிரேவ் ஊரில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய தாராள மனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பதினொரு வருடம் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். எனக்கு அவர் மேல் பொறாமை.

அவருடையது அறுகு. இங்கே கூச் என்பார்கள். குளிருக்குக் காய்ந்துவிடும். என்னுடையது பஃபலோ என்ற அகன்ற இலைப் புல், குளிரிலும் பச்சை மாறாது. ஆகவே வருடத்தில் மூன்று மாதம் நான் நிம்மதியாக இருப்பேன். செப்டெம்பரில் வசந்தம் பிறந்ததும் அவர் தொடங்கிவிடுவார். புல்வெட்டும் மெஷினைத் தாழ்த்தி மண் தெரிய ஒட்ட வெட்டுவார், தரை முழுவதும் இரும்பு முள்ளால் குத்தித் துளையிடுவார், மண் தூவி உரம் போடுவார். "என்ன யோகண்ணை, மொட்டை அடிச்சுப் போட்டியள்?" என்று ஒருமுறை சீண்டினேன். "பொறும் சிவம். கப் லீவுக்கு வந்து பாரும்," என்றார். நவம்பரில் அந்தக் குதிரைப்பந்தய லீவு வந்தபோது பார்த்தேன். தெருவால் போன வெள்ளைக்காரர்கள் காரை நிறுத்தி அவரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். என் புல்லைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், வரட்சியால் புல்லுக்குக் குழாய்த்தண்ணீர் விடக்கூடாது என்றிருந்த காலத்திலும் அவருடைய தரை கருகவில்லை. மனுசன் களவாகத் தண்ணீர் விடுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். தண்ணீர்க் கந்தோருக்கு அறிவித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அடுத்த நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, உடுப்புத் தோய்க்கும் மெஷினின் கழிவுத்தண்ணீர் புல்லுக்குப் போக ஜன்னலால் இழுத்திருந்த குழாயைக் காட்டினார். "உமக்கும் ஒண்டு பூட்டி விடட்டே?" வேண்டாம் என்றேன். அந்தக் கோடையில் என் புல்லில் பாதி செத்தது.

அடுத்த வருடம் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. தலையில் பால் அறுகு வைக்க அறுகு வேண்டும். மனைவிதான் போய்க் கேட்டாள். அவர் கழுவி, நுனி ஒழுங்காக அடுக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வந்த அன்ரிமார் பிள்ளையை விட்டுவிட்டு அறுகைப் பார்த்து வியந்தார்கள். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

பொறுக்கமாட்டாமல்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவர் களைக்கு அடிக்கும் மருந்துப் போத்தலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்து, அதையே வாங்கிப் பின்வளவில் அடித்தேன். அறுகை ஒன்றும் செய்யாத அந்த மருந்து பஃபலோவை எரித்துவிடும் என்று போத்தலின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும்தான் வாசித்திருந்தேன். இரண்டு கிழமையில் நடுத்தரை மஞ்சளாகிப் படுத்துவிட்டது. யோகண்ணை வந்து குந்தியிருந்து தடவிப் பார்த்தார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, சிவம்." அவ்வளவுதான் சொன்னார். பின்னேரம் தன் வளவில் ஆறு துண்டு அறுகை மண்ணோடு வெட்டி, தள்ளுவண்டிலில் கொண்டுவந்து பதித்தார். நன்றி சொன்னேன். உங்கள் புல் நல்லது என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

செத்தவீட்டில் ஒவ்வொருவராக எழுந்து பேசினீர்கள். தங்கள் வீட்டுக்கும் அவர் புல் பதித்துத் தந்ததாக மூன்று பேர் சொன்னார்கள். எனக்குத் திரும்பவும் வயிறு எரிந்தது. எனக்கு மட்டும்தான் செய்தார் என்று நினைத்திருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் புல். இந்த வசந்தத்தில் அவர் செய்தபடியே ஒட்ட வெட்டி, துளையிட்டு, மண் தூவினேன். அது ஓடி பஃபலோவுக்குள் புகுந்துவிட்டது. கிண்டி எறியாவிட்டால் முழுத்தரையையும் பிடித்துவிடும் என்றார் தோட்டக் கடைக்காரர். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு அறுகு கேட்டு ஓர் அன்ரி வந்தார். யோகண்ணை வீடு பூட்டிக் கிடந்ததால் என்னிடம் வந்தாராம். பின்வளவில் குனிந்து கிள்ளியவர் நிமிர்ந்து, "குறை நினையாதையும் தம்பி, யோகநாதன்ரை புல்லைவிட உம்மடை வடிவு," என்றார். பதினொரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

"இது அவரின்ரை புல்லுத்தான் அன்ரி," என்றேன். "அவரின்ரை மாதிரி எனக்கு வராது."