தாமரைக்கிழங்கு வற்றல்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கிணற்று உறை இருக்கிறது. கிணறு கிடையாது, உறை மட்டும்தான். பக்கத்துக் கொல்லையில் கிணறு எடுத்தபோது மிஞ்சிய சிமெண்டு வளையம். அதைப் பாதி மண்ணில் புதைத்து, அடியில் சிமெண்டு பூசி, தாமரை வைத்தேன். உத்திரமேரூரைச் சுற்றி ஏரிகளில் தாமரை கிடக்கும்போது வீட்டில் எதற்கு என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எதற்கு என்று சொன்னால் அவருக்கு விளங்காது. எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் யாராவது தின்பதற்குத்தான். முருங்கை குழம்புக்கு, கறிவேப்பிலை தாளிப்புக்கு, கோழி முட்டைக்கு, கொல்லையில் விளைவது மூட்டைக்கு. நான்கூடக் காலையில் எழுந்ததிலிருந்து அடுத்தவர் வயிற்றுக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். தாமரை ஒன்றுதான் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற ஒன்றை அதன்பாட்டுக்கு விட்டால் என்ன?

அதுவும் இரண்டு வருஷமாகப் பூக்கவில்லை. இலை மட்டும் வந்தது, அதுவும் வரவரச் சிறுத்துக்கொண்டே போனது. எனக்குக் காரணம் தெரியும். கிழங்கு உறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, போக இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. எடுத்துப் பிரித்து வைக்கவேண்டும். வீட்டுக்காரர் கண்டுபிடித்த காரணம் வேறு.

"அதுக்கு வயசாயிடுச்சி. கொசு வளக்கத்தான் லாயக்கு. வர ஆடிக்குள்ள ஒரு பூவாவது பூத்துக் காட்டட்டும். இல்லன்னா மண்ணக் கொட்டி மூடிட்டு வண்டி நிறுத்த ஷெட்டு போடப்போறேன்."

கொசு வராமல் இருக்கத்தான் அதில் கப்பி மீன் விட்டிருந்தேன். அதைச் சொன்னால் கேட்கிற ஆளா? வெறும் பேச்சில்லை என்று காட்ட, தகரத்தையும் வாங்கிவந்து சுவரில் சாய்த்து வைத்தார். போகும்போதும் வரும்போதும் அந்தத் தகரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி பிறந்து பனி குறைந்ததும் இறங்கினேன். வெயில் ஏறி முளை ஓட ஆரம்பித்துவிட்டால் பிறகு தொடக்கூடாது. தண்ணீரை மொண்டு ஊற்றி, மீன்களை வாளியில் பிடித்துவிட்டு, முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவினேன். பழைய கிழங்கெல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தது. அதற்கு நடுவில் இந்த வருஷத்துக் கிழங்கு வெளேரென்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கணு, நுனியில் கூரான முளை. அந்த முளை முறிந்தால் போச்சு, கிழங்கு அழுகிவிடும். பச்சைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் விட்டு அதில் போட்டேன். சமையற்கட்டு வாசலில் நிழலாக இருக்கும் என்று அங்கே வைத்துவிட்டுக் களிமண் எடுத்துவர ஏரிக்குப் போனேன்.

அங்கே வைத்ததுதான் தப்பு.

மண்ணைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் வாலாஜாபாத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. நல்ல மனுஷிதான், ஆனால் சொல்லிக்கொண்டு வரமாட்டார், வந்தால் சும்மா உட்காரமாட்டார். போன தடவை என் பரணை ஒழித்து வைத்துவிட்டுப் போனார், இன்னும் இட்லித் துணியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குண்டானில் உப்புப் போட்ட மோர். மோரில் வட்டவட்டமாக, ஓட்டை ஓட்டையாக, என் தாமரை.

"கெயங்க வாங்கி வெச்சிட்டு எங்கம்மா பூட்ட? சேறு கூட கழுவல. நல்லவேள நான் வந்தேன், இல்லன்னா வீணாப் பூட்டிருக்கும். கொஞ்சம் ஒல்லியாத்தான் கீது. பரவால்ல, வத்தலுக்கு ஆவும்."

வீட்டுக்காரர் செய்திருந்தால் ஊர் கூடியிருக்கும். அவருடைய அக்காவை என்ன சொல்வது?

"அது பூவுக்கு வெச்சது அண்ணி" என்றேன்.

"பூவா? அது ஏரில கீது."

"முளையெல்லாம் எங்க அண்ணி?"

"அது கசக்குமேன்னு அறுத்துக் குப்பைல போட்டேன்."

குப்பைமேட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் கோழிகள் போயிருந்தன. கொத்தியது போக, மிதித்தது போக, ஒன்றே ஒன்று தேறியது. அவசரத்தில் கொஞ்சம் நீளமாக அறுத்திருக்கிறார் போல, முளையோடு ஒரு கணுவும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவி, களிமண்ணைப் பரப்பி, முளை மேலே தெரியும்படி சாய்த்துப் படுக்கவைத்தேன். மேலே நாலு விரல் தண்ணீர். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டில் தின்பதற்கு இல்லாமல் இருந்தது அது ஒன்றுதான், அதையும் மோரில் போட்டாயிற்று.

வற்றல் காய்ந்ததும் வறுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் காசு அளவுக்கு ஓர் இலை மிதந்தது. அதையும் ஒரு நாள் மோட்டாரைப் போட்டு உறை நிறையத் தண்ணீர் விட்டு மூழ்கடித்தார் வீட்டுக்காரர். "வாடிக்கினு கீதேன்னு வுட்டேன்" என்றார். மொண்டு ஊற்றினேன். சித்திரையில் இலை தண்ணீரை விட்டு நிமிர்ந்து நின்றது. காய்ந்த சாணத்தைக் களிமண்ணில் பொதிந்து, வேருக்கு ஒதுங்கினாற்போல் அழுத்தி வைத்தேன். ஆடி பிறந்தபோது ஒரு மொக்கு வந்தது. ஒரு வாரத்தில், நாளைக்கு விரியும் என்கிற அளவுக்கு நுனி சிவந்திருந்தது.

மறுநாள் ஊரில் கூழ் ஊற்றினார்கள். அதற்கு அண்ணி விடிகாலையிலேயே வந்து இறங்கிவிட்டார். நான் அடுப்பில் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தேன். இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் காம்பு மட்டும் நின்றது.

"அம்மனுக்கு வெச்சிட்டேம்மா" என்றார் அண்ணி, பூஜை மாடத்துக்கு முன்னாலிருந்து. வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வூட்லயே தாமர பூத்துது பாத்தியா? நான் அறுத்துக் கலச்சி வுட்டேன் இல்ல, அதான் பூத்துது. நெருக்கமா கெடந்தா எப்படிப் பூக்கும்? அதுமேல கைய வெக்காத. நான் வரும்போதெல்லாம் சாமிக்குப் பூ வேணும்."

"சரிக்கா" என்றார் அவர். இத்தனை மாதம் நான் கெஞ்சியும் வராத சரி. அடுத்த வாரம் தகரம் கோழிக்கூண்டுக்கு மேல் ஏறிவிட்டது.

எனக்குச் சிரிப்பதா, முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. உறை பிழைத்தது. ஆனால் இரண்டு வருஷம் காத்திருந்து, குப்பையில் பொறுக்கி வளர்த்த பூ தண்ணீர்மேல் விரிந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

ஆடி முடியும் சமயம் அண்ணி போன் செய்தார். "அடுத்த மொக்கு இன்னா ஆச்சி? வந்துச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"சாணம் போடும்மா" என்று வழி சொன்னார். "சரிங்க அண்ணி" என்றேன். பேசிக்கொண்டே உறைமேல் குனிந்து, நானே மறைப்பாக வளைத்து விட்டிருந்த பெரிய இலையை விலக்கினேன். அடியில் அடுத்த பூ முழுசாக மலர்ந்திருந்தது. போனை வைத்துவிட்டு உறை விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் காலை நாஷ்டா கேட்டார். ஆகட்டும் என்றேன், எழுந்திருக்கவில்லை.