உப்பளத்தில் உப்பை விட்டவர்

என் கணவர் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கண்காணி. பல வருடங்களாகவே உடல் பருத்தவர். வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று, போன கோடையில் கைப்பேசி வீடியோ ஒன்றைப் பார்த்து உணவை மாற்றினார். உப்பை அறவே விட்டார்; வெயிலில் நின்றபடி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். ரத்த அழுத்தத்துக்கான, நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் வழக்கம்போல் தொடர்ந்தது.

"கடலையே குடிச்சிருவீங்க போலயே அண்ணாச்சி!" என்று உப்பு வாரும் பெண்கள் கேலி செய்வார்களாம். தினமும் காலையில் எடை பார்ப்பார். எடை குறைந்துகொண்டே வந்தது. தலைவலியும் வாந்தியும் வந்தபோது, "கொழுப்பு கரையுதுளா, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம் பாத்திக்கு நடுவில் நின்று, "வீட்டுக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டிருக்கிறார். வேடிக்கை என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த நிமிடம் வலிப்பு வந்து விழுந்தார்.

"வேர்வையிலயும் அந்த மாத்திரையிலயுமே உப்பு போயிருது. சாப்பாட்டுலயும் நிறுத்திட்டு இவ்வளவு தண்ணி குடிச்சா? ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சு, மூளை வீங்கிட்டும்மா" என்றார் மருத்துவர்.

பிழைத்துக்கொண்டார். வேலைக்கு இன்னும் போகவில்லை. உணவில் எதை மாற்றினாலும் இப்போது மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டிக் கேட்ட பிறகே மாற்றுகிறோம். எடை இயந்திரம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. காலையில் அதற்குப் பதிலாக, எங்கள் மகள் அவர் முன்னால் வந்து நின்று, "நான் யாருப்பா?" என்று கேட்கிறாள். அவள் பெயரை அவர் சொன்ன பிறகே பள்ளிக்குக் கிளம்புகிறாள். சில நாட்களில் அவளுக்குத் தாமதமாகிவிடுகிறது.