புளி போட்டுத் தேய்த்த ஒரு சென்ட்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் இந்த நியூ ஜெர்சியில் மூன்று பெட்ரோல் பங்க், ஒரு மோட்டல், இட்லி மாவுக் கம்பெனி எல்லாம் என் கையால் எழுந்தவை. கடன் கிடையாது என்று என்னைத் திருப்பி அனுப்பிய பேங்க் இருந்த கட்டடமே இன்று எனக்குச் சொந்தம். இதெல்லாம் நீங்கள் தயாரிக்கும் சித்தப்பாவின் எண்பதாம் கல்யாண மலரில் வருகிறது, சந்தோஷம். ஆனால் அதே மலரின் நாலாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது, அமெரிக்கா வந்த புதிது. இதே நியூ ஜெர்சியில், பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. சித்தி மட்டும் ஈரோட்டில். விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை.

சித்தப்பா ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பார். சில்லறையில் பழைய காசு தென்பட்டால் தன் பையிலிருந்து புதுசைப் போட்டு அதை எடுத்துக்கொள்வார். அப்படி ஒருநாள் ஒரு சென்ட் செம்புக் காசு சிக்கியது. பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர், முன்பக்கம் வருஷத்துக்குக் கீழே பொடியாக ஓர் எழுத்து. அந்த எழுத்துக்குத்தான் விலை என்று லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்தார்.

"சனிக்கிழமை காசுக் கடைக்குப் போறோம். உங்க சித்தி டிக்கெட் இதுக்குள்ளதான்டா இருக்குது," என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

கன்னங்கரேலென்று இருந்தது. இதை எவன் வாங்குவான்? வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவுக்குக் குத்துவிளக்கு தேய்ப்பவன் நான். நான் தேய்த்த விளக்கில் முகம் பார்க்கலாம். அன்றைக்குப் புளியும் உப்பும் மிச்சமிருந்தன. தேய்த்தேன். காசு புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. யாரிடமும் சொல்லாமல் சித்தப்பாவின் காசு டப்பாவில் திரும்ப வைத்தேன்.

சனிக்கிழமை அப்பாவும் கூட வர, கடைக்குப் போய்த்தான் டப்பாவைத் திறந்தார் சித்தப்பா. கடைக்கார வெள்ளைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யார் இதைத் தேய்த்தது என்று கேட்டார். பழங்காசுக்கு அந்தக் கறுப்புதான் மதிப்பாம். இருநூறு டாலர் பெறவேண்டியதற்கு இப்போது இருபதுகூடத் தேறாதாம்.

அவர் பேசிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது "யார்" மட்டும்தான். பெருமையாக வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

"நாந்தாங்ண்ணா தேச்சேன்," என்றார் அப்பாவைப் பார்த்து.

"ஏன்டா, அது காசா, குத்துவெளக்காடா? உனக்கெல்லாம் எதுக்குடா அமெரிக்கா?" வீடு வரும்வரை அப்பா நிறுத்தவில்லை. அப்பாவின் பெல்ட் என் முதுகுக்கு நன்றாகத் தெரியும்; அன்றைக்கு அது இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

நான் பார்த்த வேலைக்கு இவர் பேர் வாங்கிக்கொண்டாரே என்று இரண்டு நாள் சித்தப்பாவோடு பேசவில்லை நான்.

சித்தி வந்து சேர மேலும் இரண்டு குளிர்காலம் ஆனது. இன்றும் பொங்கலுக்குக் கூடினால், "உங்க சித்தப்பாரு என் டிக்கெட்டையே புளி போட்டுத் தேச்சுட்டாருங்க" என்று சித்தி சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். அதைத்தான் நாலாம் பக்கத்தில் வேடிக்கையாகப் போட்டிருக்கிறீர்கள்.

மாற்றுங்கள். அந்தக் காசைத் தேய்த்தவன் நான். என் பேரைப் போடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம், பெரிசாகவே போடுங்கள்.