பத்மாசினி ரீச்சரும் பழைய கொம்பியூட்டர்களும்

பத்மாசினி ரீச்சர் மயிலிட்டிக்காரி. தகப்பன் நடுக்கடலில் படகு எஞ்சின் நின்றால் கழற்றிப் பூட்டிக் கரை சேர்ந்த மனுஷன். அந்தப் பிடிவாதம் மகளிடமும் அப்படியே இருந்தது. இணுவில் பக்கத்துப் பாடசாலையில் கணினி படிப்பிக்க வந்த நாளிலிருந்து, பழுதான எதையும் திறந்து பார்க்காமல் அவள் கைவிட்டதில்லை.

கனடாவிலிருந்து சிவரூபன் என்ற பழைய மாணவர் புதுக் கொம்பியூட்டர்கள் தருவதாகச் சொன்னார். கணினி அறையை மட்டும் காலியாக்கி ஒதுக்கி வைக்க வேண்டுமாம். அங்கே பழுதாகிக் கிடந்த பழையவற்றைக் கிணற்றுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைக்கச் சொன்னார் அதிபர் பஞ்சலிங்கம். ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சேர், கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல். உதுகளிலை இருக்கிற ஈயம் மழையோடை கிணத்துக்குத்தான் வரும். பிள்ளையள் குடிக்கிற தண்ணி.”

“அறை ஒதுக்காட்டில் புதுசு வேறை பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். பிறகு அந்தப் பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

அதுவும் நியாயம்தான். அந்தப் பயம் ரீச்சரையும் அரித்தது. இருந்தும் கிடங்கு வெட்ட விடவில்லை. பாடம் முடிந்த பின்னேரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பாதிக்கு மேல் உயிர் இருந்தது. நினைவகத்தையும் ஹாட் டிஸ்க்கையும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும்.

தூசியைத் துடைத்தபோதுதான் முகப்பில் எழுத்துத் தெரிந்தது: ‘அமரர் ஏரம்பு ஞாபகார்த்தமாக.’ நம்மூரில் இது புதினமில்லை. மணிக்கூடோ மின்விசிறியோ, செத்தவர் பெயர் எழுதாமல் எந்தச் சாமானும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது. ஆனால் சிவரூபன் அந்த ஏரம்புவின் மகன்.

அவர் அறையைப் பார்க்க நேரிலேயே வந்தார். தாயின் பெயர் அச்சடித்த ஒட்டுத்தாள்களும் கையோடு வந்திருந்தன. அறை ஒதுக்காமல் கிடந்ததைக் கண்டு அதிபரின் முகம் கறுத்தது. ரீச்சர் வந்தவரை நேரே பழையவற்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நமக்கென்றால் அந்தத் துணிவு வராது.

“உதுகளைக் கிடங்கு வெட்டித் தாட்டால்தான் புதுசுக்கு இடம் வரும், அண்ணை. நீங்களே சொல்லுங்கோ.”

சிவரூபன் தகப்பனின் பெயரை விரலால் தடவினார்.

“திருத்த என்ன வேணும், ரீச்சர்?”

“உள்ளுக்கு மாத்திப் பூட்டக் கொஞ்சச் சாமான் வேணும். தேறாததுகளைக் கொழும்பிலை முறையாப் பிரிச்செடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோக ஒரு லொறி.”

“அப்ப அம்மான்ரை பேரை எங்கை ஒட்டுறது?”

இதோடு எல்லாம் கைநழுவிப் போகலாம். என்றாலும் ரீச்சருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“உள்ளுக்குப் பூட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது, அண்ணை. லொறியும் அண்டைக்கே போயிடும். பேர் போட இடமில்லை.”

சிவரூபன் ஒட்டுத்தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஓம், பூட்டுங்கோ,” என்றார்.