நீளமாக ஒரு விசில்

சுண்ணாம்புக் கோடு காயும்போது ஒரு வாசனை வரும். செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வெயில் ஏற ஏற மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை... எனக்கு அதோடு சேர்ந்து ரத்தமும் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியின் வாலிபால் டீம் கேப்டன். செம்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஃபைனல்.

எங்கள் கோச் ஸ்டெல்லா மிஸ். சுங்குடிப் புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருப்பார். காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். பயங்கரக் கோபக்காரர். அதற்கு முந்தைய போட்டியில் தப்பாகக் கை காட்டிய அம்பயரை, அவர் ஏறி நின்ற ஸ்டாண்டோடு சேர்த்து உலுக்கிக் கீழே இறக்கியவர். அதன் பிறகு எங்கள் ஹெச்.எம். எல்லோரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்:

"ஸ்டெல்லா மிஸ், இன்னொரு தடவ சண்டைன்னு புகார் வந்துச்சு, வாலிபால் டீமே கிடையாது. சொல்லிட்டேன்."

டீம் இல்லையென்றால் எனக்குக் காலேஜும் இல்லை. சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் தறி ஓடினால்தான் சாப்பாடு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்தால் படி, இல்லையென்றால் தறியில் உட்கார் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அதனால் அன்று நான் பந்தைப் பார்த்ததைவிட மிஸ் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

எதிர் டீம் கோச் கதிரேசன் சார். கையில் கிளிப் வைத்த பரீட்சை அட்டை இருக்கும். பாயிண்ட் போகும்போதெல்லாம் அதைத் தொடையில் படார் படாரென்று அடிப்பார். வாயும் சும்மா இருக்காது.

"ஏ பிள்ளைகளா, சேல கட்டுன கோச்சு டீமுக்கா இம்புட்டு பயம்?"

மிஸ் விடவில்லை. "என் சேலைய விடுங்க சார், பந்தப் பாக்கச் சொல்லுங்க. அந்தா, கோட்டுக்குள்ள விழுகுது."

கூட்டம் சிரித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

கடைசி செட், கடைசிப் பந்து. நாங்கள் அடித்தது அவர்கள் பக்கக் கோட்டின்மேல் விழுந்தது. சுண்ணாம்பு புகையாக எழும்பியதை நான் பார்த்தேன். அம்பயர் எங்கள் பக்கம் கை காட்டினார்.

ஜெயித்துவிட்டோம்.

நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தோம். கை கொடுப்பதற்காக மிஸ் நெட்டுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார். அப்போதுதான் அந்த அட்டை பறந்தது.

கதிரேசன் சார் மிஸ்ஸைப் பார்த்து எறிந்தாரா, அம்பயரைப் பார்த்தா, இல்லை ஆத்திரத்தில் சும்மா வீசினாரா... எனக்கு இன்றும் தெரியாது. கிளிப் மிஸ்ஸின் புருவத்தில் பட்டது. ரத்தம் கன்னத்தில் இறங்கித் தாடையிலிருந்து சொட்டியது.

ஒரு சார் இன்னொரு டீச்சரை... பிள்ளைகள் முன்னால்... இப்படி ஒன்று நடக்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் நின்று மேட்ச் பார்த்த அண்ணன்மார், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டிவிட்டார்கள். "ஏலே, டீச்சர் மேலயே எறியிறியா?" அந்தப் பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். மிஸ்ஸின் கை இறுக மூடியது. போச்சு, டீம் போச்சு, காலேஜ் போச்சு என்று நினைத்தேன்.

அந்தக் கை விசிலை எடுத்தது.

நீளமாக ஒரு விசில். மூச்சு தீரும் வரைக்கும்.

எங்கள் பிராக்டிஸில் நீள விசில் கேட்டால், செய்வதை அப்படியே விட்டுவிட்டு லைனில் நிற்க வேண்டும். கால்கள் தாமாகவே ஓடின. எங்களைப் பார்த்து எதிர் டீம் பிள்ளைகளும் நெட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். நடுவில் பிள்ளைகள் நிற்கவும், கயிற்றைத் தாண்டியவர்கள் தயங்கினார்கள்.

மிஸ் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. எதிர் டீம் பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார்.

"நல்லா ஆடுனத்தா."

"உன் சர்வீஸ எடுக்கவே முடியல, போ."

ஒருத்தி ஓவென்று அழுதுவிட்டாள்.

கடைசியில் கதிரேசன் சார். மிஸ் கையை நீட்டினார். அவர் அசையவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எங்கள் வரிசையின் முனையில் நின்ற எனக்கு, மிஸ் மெதுவாகச் சொன்னது கேட்டது.

"கையக் குடுங்க சார். உங்க பிள்ளைக பாக்குதுக."

அவர் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் போச்சு டீச்சர்... தப்பாப் போச்சு..."

தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தோம். மிஸ் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளாஸை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொன்னுருப்பேன்டி அவன."

அட்டை பறந்ததைவிட அதுதான் எனக்கு அதிர்ச்சி. மைதானத்தில் மிஸ்ஸுக்குக் கோபமே வரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

புகார் எதுவும் போகவில்லை. அடுத்த வருடம் எனக்குக் காலேஜ் சீட் கிடைத்தது.

இப்போது என் மகள் வாலிபால் ஆடுகிறாள். போன மாதம் அவளுடைய மேட்ச். பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆரம்பித்து, மேட்ச் முடிந்ததும் இரண்டு கோச்சுகளும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். உருண்டார்கள். சுற்றி எல்லோர் கையிலும் போன். என் கையிலும்தான். நம் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட அந்த வீடியோவை நீங்களும் பார்த்தீர்களே... அதேதான்.

அந்த வாரம் மிஸ்ஸைப் பார்க்கப் போனபோது அதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புருவத்தில் அந்த இடத்தில் இன்றும் முடி இல்லை.

"மறுபடி போடு."

போட்டேன். கோச்சுகளைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பிள்ளைகளக் காணோமேடி... பிள்ளைக எங்கிட்டு நின்னுச்சுக?"

எனக்குத் தெரியவில்லை. நான் போனை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.