மரமேறிப் பறித்த தேயிலை

போன வாரம் மகள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மலைக்காட்டில் தானாக வளர்ந்த பழைய மரங்களின் பச்சைத் தேயிலை என்று அதன்மேல் போட்டிருந்தது. "அப்பா, இட்ஸ் குட் ஃபார் யுவர் கொலஸ்ட்ரால்" என்றாள். நான் பிரித்ததும் மோந்து பார்த்தேன், மூன்று தடவை. வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசனை, அதற்கடியில் லேசாகத் தேன். வேறெதுவும் இல்லை. "வாட் ஆர் யூ செக்கிங்?" என்று கேட்டாள். பெருங்காயம் இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னால் என் மூளையையும் செக் பண்ணச் சொல்லுவாள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாங்கள் அமெரிக்காவில், பிளானோ என்கிற ஊரில் இருந்தோம். ஆபீஸில் எனக்கு அடுத்த தடுப்பில் லியூ. சீனாவில் யுன்னான் மலைப்பக்கத்துக்காரர். எங்கள் இருவருடைய கிரீன் கார்டு விண்ணப்பமும் ஒரே வக்கீலிடம் கிடந்தது. நட்புக்கு அது போதுமானதாக இருந்தது. வக்கீலைத் திட்டுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

அவர் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கும், அடியில் முழு முழு இலைகளுடன். காலையில் போட்ட இலையிலேயே சாயங்காலம்வரை வெந்நீர் ஊற்றிக் குடிப்பார். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஒருநாள் எண்ணினேன், ஏழு தடவை ஊற்றினார். டீ என்றால் பாலோடு பொங்கிவர வேண்டும் என்று நம்பியவன் நான். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். கசந்தது. மரியாதைக்காக விழுங்கினேன். பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு எழும்பியது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அது.

நீலகிரியில் இடுப்புயரச் செடிகளைப் பார்த்தவனுக்குத் தேயிலை மரம் என்றால் நம்பிக்கை வருமா? லியூ போட்டோ காட்டினார். நாவல் மரம்போல ஒன்று. கிளைக்கவையில் நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர், தோளில் பையோடு நின்றார். லியூவின் அப்பா. அந்த மரத்தை யார் நட்டது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். பங்குனி வாக்கில் துளிர்விட்டதும் ஏறிப் பறிப்பார். இரும்புச் சட்டியில் வெறுங்கையால் புரட்டிப் புரட்டி வறுத்து, உருட்டி, பாயில் வெயில் காட்டி, அமெரிக்கா வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கார்டு வரும்முன் நாட்டைவிட்டு வெளியே போக லியூவுக்குப் பயம். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவே இருந்தது வருஷத்துக்கு ஒரு பை இலையும் ஞாயிறுதோறும் ஒரு போனும்தான்.

ஒரு வருஷம் அதில் கொஞ்சத்தைத் தகர டப்பாவில் போட்டு எங்களுக்குக் கொடுத்தார். மூடியில் சிவப்புப் பூ. தீர்ந்ததும் டப்பாவைத் திருப்ப வேண்டுமே. வெறும் டப்பாவாகத் திருப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்காது.

"கல்கண்டு போட்டுக் குடுங்க" என்றாள் என் மனைவி ஜெயா.

"கல்கண்டு அவங்க ஊர்லயும் இருக்கும். நம்மளோடதா ஏதாவது குடு. சாம்பார்ப் பொடி போடு."

"அவர் சாம்பாரா வைக்கப் போறார்?"

"நூடுல்ஸ்ல தூவிக்கட்டும்."

சாம்பார்ப் பொடி என்று சொன்னது நான்தான், ஜெயா அல்ல. கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்துப் போட்டு அரைத்த பொடி அது. லியூ நிஜமாகவே நூடுல்ஸில் தூவித் தின்று தீர்த்தார்.

மறு வருஷம் புது இலை வந்ததும் எங்களைச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அழைத்தார். அலமாரியிலிருந்து அதே டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். ஜெயா என்னைப் பார்த்தாள். கழுவித்தான் வைத்திருக்கிறார், பாவம். ஆனால் பெருங்காயம் கழுவினால் போகிற சாமானா? தேயிலையோ பக்கத்தில் எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். தம்ளரில் இலை அழகாகத்தான் விரிந்தது. வாயில் வைத்தால் நீர்மோர்.

லியூ தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சட்டியின் சூடு கைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, இந்த வருஷம் எப்படியோ கெட்டுவிட்டது என்று. விருந்துக்குப் போன இடத்தில் சாம்பார்ப் பொடியைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று எனக்குக் கூச்சம். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தேன்.

கார் சுங்கச் சாலையில் ஏறியது. ஜெயா சொன்னாள், "பெரியவர் மேல பழி விழுது. நீங்க ரெண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கறீங்க."

திங்கட்கிழமை முதல் வேலையாக லியூவிடம் சொல்லிவிட்டேன். புரியவைப்பதற்கு ஒரு பெருங்காயக் கட்டியையே கையோடு கொண்டுபோயிருந்தேன். மோந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசியாகிவிட்டதாம். இலை எப்படி இருந்தது என்று அவர் கேட்டிருக்கிறார். லியூவுக்குப் பொய் வராது. இனி மரம் ஏற வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். தேறுதல் சொல்கிறாய் என்று கிழவர் நம்பவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தாலே யாருக்காவது கஷ்டம். ஒரு கட்டிப் பெருங்காயத்தை நாலைந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றி, லியூவைக்கொண்டு அந்த மலைக்குப் பார்சல் அனுப்பவைத்தேன். அவரே மோந்து தெரிந்துகொள்ளட்டும் என்று.

பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கிழவர் மோந்தும் பார்த்தாராம். தான் அனுப்பிய இலையில் இந்த வாசனை இல்லையே என்றாராம். அதுவும் உண்மைதானே. அந்த ஊர் வைத்தியருக்குப் பெருங்காயம் தெரிந்திருந்தது, வயிற்றுக்கு மருந்து என்று சொல்லியிருக்கிறார். கிழவர் அதை உரைத்துக் குடித்துவிட்டு மகனிடம் போனில் சொன்னாராம்:

"வயிறு தேவலை. எனக்கு வயசாயிடுச்சுன்னுதானே மருந்து அனுப்பியிருக்க. இனிமே ஏறமாட்டேன், நீ கவலைப்படாத."

லியூ இதை என்னிடம் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் என் காதில் தமிழில், என் அப்பாவின் குரலில் விழுந்தது.

அதற்கப்புறம் இலை வரவில்லை. கார்டு வருவதற்குள் லியூவின் அப்பாவும் போய்விட்டார். லியூ என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆட்குறைப்பு வந்து எங்கள் தளம் முழுக்கக் காலியானது. கடைசி நாள் லியூ அந்தச் சிவப்புப் பூ டப்பாவை ஜெயாவுக்கு என்று கொடுத்துவிட்டு, வேறு மாநிலத்துக்குக் கிளம்பிப் போனார். வீட்டுக்கு வந்து திறந்தோம். உள்ளே கல்கண்டு. அவர்கள் ஊரிலும் இருக்கிறதுதான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஜிப்லாக் பையிலும் அலுமினியத் தட்டிலும் கொண்டுவருகிறார்கள். யாருக்கும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. அந்த ஆபீஸ் கட்டடத்தில் இன்று பல் ஆஸ்பத்திரி நடக்கிறது. லியூவின் போன் நம்பர் எப்போதோ மாறிவிட்டது.

மகள் போனதும் லியூவின் டப்பாவை இறக்கினேன். உள்ளே முகத்தை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். பெருங்காயம் சுத்தமாகப் போய்விட்டது. அவள் கொடுத்த இலை முழுவதையும் அதில் கொட்டி மூடினேன்.

"குடிக்கப் போறதில்லையா?" என்றாள் ஜெயா.

"திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. டப்பாவை வாங்கி, சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், புத்தக அலமாரியில் வைத்தாள்.