வண்டு புகுந்த மைக்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவில் எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய பை பெஞ்சில் கேட்பாரற்றுக் கிடக்கிறது, எந்த ஓட்டுநர் உடனே வண்டிக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் வேலைக்காலம் முழுக்க ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொன்னவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. "சாப்பாடு மேசைக்கு வந்துவிட்டது, சாப்பிட வேண்டியவர்கள் உடனே வரவும்" என்று அவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாகக் கணவர் கேலி செய்வார். கணவர் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு மைக்கம்மா பார்வையற்றோருக்கான ஓர் ஒலி நூலகத்துக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார். படுக்கையறைத் துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, தொங்கும் துணிகளுக்கு நேரே சின்ன மேசை ஒன்றைப் போட்டிருந்தார். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். மேசையில் கணினி. பக்கத்தில், கணினியில் நேரே செருகுகிற ரக மைக். கனமான வட்ட அடிப்பாகம், குட்டையான கறுப்பு உடம்பு, தலையில் கம்பி வலை. தெருக்கோடியில் யாராவது தும்மினாலும் அதற்குக் கேட்டுவிடும்.

கப்பலில் சமையல்காரனாகப் போன ஒருவனின் கதையைப் பாதிவரை வாசித்திருந்தபோது நூலகத்துப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கும் பார்வை கிடையாது. வந்த பதிவுகளையெல்லாம் ஒரு வரி விடாமல் கேட்டுப் பார்ப்பவர் அவர்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கதையில எங்கயாவது வண்டு வருதா?"

"இல்லையே. கப்பல்தான் வருது."

"அப்ப உங்க பக்கத்துல உக்காந்து ஒரு வண்டும் சேர்ந்து படிக்குது. போன அத்தியாயம் முழுக்க."

மைக்கம்மா காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். உண்மைதான். அவர் மூச்சு விடும் இடங்களில் எல்லாம் 'ர்ர்ர்' என்று ஓர் உறுமல். மேசையை நகர்த்தினார். மின்விசிறியை நிறுத்தினார். உறுமல் நிற்கவில்லை. தற்செயலாக மைக்கின் உடம்பில் கை வைத்தார். சட்டென்று நின்றது. எடுத்தார், திரும்பவும் உறுமல். அன்றிலிருந்து இடது கையை மைக்கின்மேல் வைத்துக்கொண்டு வலது கையால் பக்கம் புரட்டி வாசித்தார். மூக்கு அரித்தால் அத்தியாயம் முடியும்வரை பொறுத்துக்கொண்டார்.

வாசலில் நின்று பார்த்த கணவர், "காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டார்.

"கிண்டல் பண்ணாதீங்க. கை மரத்துப் போச்சு."

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே."

"தொண்டை கட்டினா ஆளையே மாத்திடுவீங்களா? கழட்டிப் பாத்துடறேன்."

கழற்றலாம் என்று சொன்னது சுலபமாக இருந்தது. தலைகீழாகத் திருப்பினால் ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணில் படவில்லை. கத்தி முனையால் அடியிலிருந்த ரப்பர் வட்டத்தை நெம்பிப் பார்த்தார். அதன் கீழே கடுகு மாதிரி ஸ்க்ரூக்கள் ஒளிந்திருந்தன. வீட்டிலிருந்த ஸ்க்ரூடிரைவரோ கதவுக் கீலைக் கழற்றுவதற்கு ஆனது. அதை அந்தக் கடுகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாடியில் நாத்தனார் இருந்தார். கணவரின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிரேம் சரிசெய்வதும் கழன்ற கண்ணாடிக் காலை மாட்டுவதும் அவர் வேலை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை கிடையாது. பேச்சும் பெரிதாகக் கிடையாது. தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது, கொடியில் காயும் துணியை யார் எடுப்பது என்பதோடு முடிந்துவிடும். ஐம்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். மைக்கம்மாவுக்கு அவர் மாடிக்காரி.

விடுமுறை நாள் காலையில் மைக்கம்மா படியேறிப் போய்ச் சொன்னார். நாத்தனார் ஒரு தோல்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தார்.

"வெள்ளையில விழுந்தாத்தான் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும் அண்ணி. ஐஸ் தட்டு இருக்கா? ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவைப் போடலாம். வயரைப் பிடுங்கியாச்சா?"

மாதம் முழுக்கப் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிட்டார் என்று மைக்கம்மா நினைத்துக்கொண்டார்.

அடிப்பாகம் தனியாக வந்தது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் நாத்தனார் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். இருபுறமும் இருந்த ஸ்க்ரூக்களை எடுத்ததும் கம்பி வலை தொப்பி மாதிரிக் கையோடு வந்தது. வலைக்குள் ஒட்டியிருந்த ஃபோம், தொட்டதும் பழைய கேக்கைப் போல உதிர்ந்தது. துண்டெல்லாம் கறுப்புப் பொடி.

"ஐயோ, உடைச்சுட்டோமா?"

"நாம உடைக்கல. தானா நைஞ்சு போயிருக்கு. இந்தப் பொடிதான் உள்ள எல்லாம் கொட்டியிருக்கும்."

வலை இருந்த இடத்தில், ரப்பர் வளையத்துக்குள் ஒரு சின்ன வட்டத் தகடு தங்க நிறத்தில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து முடி மாதிரி இரண்டு வயர்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

மைக்கம்மா குனிந்து பார்த்தார். "இதுலயா பேசினேன்?"

"இதுலதான். கை வச்சிடாதீங்க, கண்ணுல விரல் விட்ட மாதிரி ஆயிடும்."

நாத்தனார் பையிலிருந்து, கண்ணாடித் தூசி ஊதும் ரப்பர் குமிழை எடுத்து, எட்ட வைத்து மெல்ல அமுக்கினார். கறுப்புத் துகள்கள் பறந்தன. மைக்கம்மா கண்ணை எடுக்கவில்லை. வேலைக்காலம் முழுக்க ஒரு மைக்கின் முன்னால்தான் இருந்திருக்கிறார். ஒரு மைக்கின் உள்முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான். ஒரு காசு அகலம்கூட இல்லாத இப்படியொரு தகட்டிடமா அத்தனை ஊர்ப் பெயர்களையும் சொன்னோம் என்று இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, பிரியமாகவும் இருந்தது.

உடம்புக் கூட்டிலிருந்து பச்சை நிற மின்சுற்றுப் பலகையை வெளியே இழுக்கும்போது நாத்தனார் நிறுத்தினார். "அண்ணி, இந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் ஆடுது பாருங்க. பலகையை வெளிக் கூட்டோட சேக்கறது."

மைக்கம்மாவுக்குப் பொறி தட்டியது. "அதான்! நான் கை வச்சா உறுமல் நிக்குதே. எங்க நிலையத்துக்கு வர்ற ஒலிபெருக்கிக்காரர் சொல்லுவாரு, எர்த் சரியா ஒட்டலன்னா உறுமும்னு. அதை முறுக்கு."

நாத்தனார் பலகையை உள்ளே தள்ளி ஸ்க்ரூவை முறுக்கினார். அந்த நேரம் பார்த்து, ஒலியை நிறுத்தும் பொத்தானின் ரப்பர் மூடி துள்ளிக் குதித்துத் தரைக்குப் போய்விட்டது.

இருவரும் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். நாற்காலிகளை நகர்த்தினார்கள். பழைய பேனா மூடி கிடைத்தது, காய்ந்த பட்டாணி கிடைத்தது, அது மட்டும் கிடைக்கவில்லை. உள்ளே வந்த கணவர், மனைவியையும் தங்கையையும் நாலு காலில் பார்த்து நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"அண்ணா, மிதிச்சிடாதே! அங்கயே நில்லு!"

கடைசியில் மூடி நாத்தனாரின் முழங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நாத்தனார் சிரித்தார். கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து வந்த பெரிய சிரிப்பு. ஒரே கூரையின் கீழே இத்தனை காலம் இருந்தும் மைக்கம்மா அதைக் கேட்டதில்லை.

புது ஃபோமுக்குக் கணவர் பொறுப்பேற்றார். இருக்கை ஃபோமில் ஒரு துண்டு வெட்டி வலைக்குள் திணித்துக் கொடுத்தார். மைக்கை மூடிப் பேசிப் பார்த்தால் மைக்கம்மாவின் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

"உக்கார்றதுக்கு வெட்டச் சொல்லல. பேசறதுக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய், இருப்பதிலேயே மெல்லிய ஃபோமாகத் தேடி வெட்டி வந்தார். இந்த முறை சரியாக இருந்தது.

"நீ ஏதாவது பேசு, நான் ஹெட்போன்ல கேக்கறேன்" என்றார் மைக்கம்மா.

"நான் என்னத்தப் பேச?"

"புத்தகத்துல ஒரு பக்கம் படி."

திறந்த பக்கத்தில், கரையில் விடுதி நடத்தும் ஒருத்தி சமையல்காரனை வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஈரச் செருப்போட உள்ள வராதே. கடலைக் கடல்லயே விட்டுட்டு வா!" மைக்கம்மா உறுமல் வருகிறதா என்று மட்டும் கேட்டார். வரவில்லை.

"வண்டு போயிடுச்சு!" என்றார்.

அன்று மாலையே இரண்டு கைகளும் ஓய்வாக இருக்க ஒரு முழு அத்தியாயம் வாசித்து அனுப்பினார். அனுப்பிய அவசரத்தில், நாத்தனார் படித்த சோதனைப் பதிவும் கூடவே போய்விட்டது.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார். "அம்மா, வண்டு இல்ல. ஆனா அந்த விடுதிக்காரி யாரு?"

மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மன்னிச்சுடுங்க, அது தவறுதலா வந்துடுச்சு. அதை விட்டுடுங்க."

"எதுக்கு விடணும்? கேட்டதும் நானே செருப்பைக் கழட்டிட்டேன்மா. உங்க குரல்ல அந்தப் பொம்பளை ரொம்ப மரியாதையா திட்டறா. அவ பேச்சையெல்லாம் அவங்களையே படிக்கச் சொல்லுங்களேன்."

தொலைபேசியை வைத்தபின் மைக்கம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. குரலுக்காக இதுவரை யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. பிறகு அந்தப் பதிவைத் திரும்பவும் போட்டு, இந்த முறை உறுமலை விட்டுவிட்டு ஆளைக் கேட்டார். பொறுப்பாளர் சொன்னது சரிதான்.

நாத்தனார் நம்பவில்லை. "என் குரலா? தகர டப்பான்னுதானே அண்ணன் கூப்பிடுவான். பள்ளிக்கூடத்துல பாட்டுக்கு நிறுத்தினா, நீ வாயை மட்டும் அசைன்னு டீச்சர் சொல்லுவாங்க."

அண்ணன் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானார்.

மைக்கம்மா ஹெட்போனை நாத்தனார் காதில் மாட்டிவிட்டார். முதல் வரியிலேயே நாத்தனார் கையிலிருந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் முறை துண்டு மூக்குவரை இறங்கியது. மூன்றாம் முறை அவரே போட்டுக் கேட்டார்.

"மோசமில்ல" என்றார்.

அதன்பின் கடை முடிந்ததும் நாத்தனார் நேரே கீழே வந்துவிடுவார். துணி அலமாரியின் முன்னால் இரண்டு நாற்காலிகள், நடுவில் மைக். முழங்கை இடிக்கும். விடுதிக்காரி வராத அத்தியாயங்களிலும் அவர் உட்கார்ந்து கேட்டார். கேட்டதோடு நிற்கவும் இல்லை.

"அண்ணி, அந்த மாலுமி சாகக் கிடக்கறான். நீங்க நடைமேடை நம்பர் சொல்ற மாதிரி சொல்றீங்க."

மைக்கம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரே ஒரு கோப்பை தேநீர் போட்டு, நின்றுகொண்டே தானே குடித்தார். பாத்திரம் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டது. திரும்பி வந்து அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தார். மெதுவாக, குரலைத் தாழ்த்தி. மாலுமி இந்த முறை உண்மையாகவே செத்துப்போனான். முடித்துப் பார்த்தால் நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசி" என்றார்.

"இரு, உனக்கும் தேநீர் போடறேன்" என்றார் மைக்கம்மா.

புத்தகம் முடிந்து நூலகத்தில் எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்தபின், ஒரு மாலை நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

"அண்ணி! கடைக்கு இன்னிக்கு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வந்தாங்க. அக்காவுக்குப் பார்வை கிடையாது. தங்கச்சிக்குத்தான் கண்ணாடி. நான் திரைக்குப் பின்னால இருந்து, காது பக்கம் இறுக்குதான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அந்த அக்கா எந்திரிச்சு நின்னு, நீங்க விடுதிக்காரிதானேன்னு கேட்டுட்டாங்க! கடையில எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல? என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

மைக்கம்மாவுக்குச் சந்தோஷம்தான். மனசார சந்தோஷம். அதன் ஓரத்தில் ஒரு முள்ளும் இருந்தது. அதை ஒளிக்கவும் தோன்றவில்லை.

"நான் எத்தனை வருஷம் ஊருக்கே சொன்னேன்! ஒருத்தராவது என்னை நிறுத்தி, நீங்கதானேன்னு கேட்டிருக்காங்களா?"

"கேக்கணும்னு நினைச்சிருப்பாங்க அண்ணி. பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டு இருந்திருப்பாங்க."

மைக்கம்மா சிரித்துவிட்டார். முள் எங்கே போனதென்று தெரியவில்லை. நூலகத்திலிருந்து வந்திருந்த அடுத்த புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். ஒரு வீட்டில் நடக்கும் திருட்டைப் பற்றிய தடிமனான கதை.

"உக்காரு. யாருக்கு யாருன்னு பிரிச்சுக்கலாம். திருடன் எனக்கு."

"அதெப்படி? நீங்க பேசினா அவன் முதல்லயே மாட்டிக்குவான். திருடன் எனக்குத்தான்."

"அப்ப போலீஸ்காரரை யாரு படிக்கறது?"

இருவரும் ஒரே நேரத்தில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.